இஸ்ரேல் பத்தி என்ன வேணா கேளுங்க (விசா தவிர)

வணக்கம் மக்களே. இஸ்ரேல்ல ரெஹோவோத்ங்கிற ஊர்ல ஒரு லேப்ல சில வருஷம் இருந்தேன், இப்ப கோயம்புத்தூர். அந்த நாடு எப்படி ஓடுது, சட்டம், மதம், தண்ணி, தேர்தல்னு எது வேணா கேளுங்க. விசா, ஏஜென்ட், சம்பளம் என் ஏரியா இல்ல, முதல்லயே சொல்லிட்டேன்.

செந்தில்: நாடு எவ்ளோ பெருசு? எல்லாரும் யூதர்தானா?

தமிழ்நாட்டுல ஆறுல ஒரு பங்கு, சுமார் 22,000 சதுர கிலோமீட்டர், அதுலயும் பாதிக்கு மேல நெகேவ் பாலைவனம். ஜனத்தொகை 1 கோடி பக்கம். யூதர்கள் நாலுல மூணு பங்குக்கு கொஞ்சம் கம்மி, அஞ்சுல ஒருத்தர் அரபு: முஸ்லிம், கிறிஸ்தவர், அப்புறம் துரூஸ்னு ஒரு தனி மதப் பிரிவு. இவங்கள்ல பெரும்பாலானவங்க ஓட்டு போடுற குடிமக்கள். மேற்குக் கரை, காசால இருக்கிற பாலஸ்தீனர்களுக்கு அந்த ஓட்டு கிடையாது, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. யூதர்னா எல்லாரும் ஐரோப்பால இருந்து வந்த வெள்ளைக்காரங்கன்னும் நெனைக்காதீங்க, மொராக்கோ, ஈராக், ஏமன், எத்தியோப்பியான்னு கலவை. நம்ம கொச்சி யூதர்கள் பீர்ஷெபா பக்கத்துல நெவாதிம்னு ஒரு கிராமத்துல இருக்காங்க, கொச்சி பாணில ஜெப ஆலயமே உண்டு.

ரூபன்: தலைநகரம் எது, ஜெருசலேமா டெல் அவிவா?

அவங்க சட்டப்படி ஜெருசலேம். பார்லிமென்ட், சுப்ரீம் கோர்ட் எல்லாம் அங்கதான். ஆனா பெரும்பாலான நாடுகள் அத ஏத்துக்கல, தூதரகம் டெல் அவிவ் பக்கம், இந்தியாவோடதும் அங்கதான். அமெரிக்கா 2018ல ஜெருசலேமுக்கு மாத்திடுச்சு.

முத்து: சார் கேர்கிவர் வேலைக்கு விசா எப்படி?

மேல பாருங்க தம்பி. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஏஜென்ட் கைல ரொக்கமா பணம் கொடுக்காதீங்க.

ஜெபராஜ்: சபையில இருந்து புனிதப் பயணம் போறோம் அண்ணா, சனிக்கிழமை ஜெருசலேம்ல இருப்போம். ஏதாவது பிரச்சனை?

இருக்கு. ஓய்வுநாள் வெள்ளி பொழுது சாய ஆரம்பிச்சு சனி இருட்டுற வரைக்கும். வெள்ளி மத்தியானமே கடைங்க ஷட்டர இறக்க ஆரம்பிச்சிடுவாங்க, சாயங்காலம் ஜெருசலேம்ல சைரன் ஊதும், பயந்துடாதீங்க, ஓய்வுநாள் தொடங்குதுன்னு அர்த்தம். பஸ், ரயில் ஓடாது, ஹைஃபா, டெல் அவிவ் மாதிரி சில ஊர்ல மட்டும் கொஞ்சம் பஸ் உண்டு, ஷெருத்னு சொல்ற ஷேர் வேன் சில ரூட்ல கிடைக்கும். ஹோட்டல்ல ஒரு லிஃப்ட் ஒவ்வொரு மாடிலயும் தானா நின்னு நின்னு போகும், ரிப்பேர்னு நெனச்சு ரிசப்ஷன்ல சண்டை போடாதீங்க, அன்னைக்கு பட்டன் அமுக்கக் கூடாதுங்கிறவங்களுக்காக அப்படி. இஸ்ரேலோட எல் ஆல் கம்பெனி விமானம் சனிக்கிழமை பறக்காது, மத்த கம்பெனி பறக்கும். யோம் கிப்பூர்ங்கிற யூத நோன்பு நாள் அன்னைக்குன்னா ஏர்போர்ட்டே மூடிடும், ஹைவேல பசங்க சைக்கிள் ஓட்டுவாங்க.

பஸ்கா வாரத்துல போனீங்கன்னா சூப்பர் மார்க்கெட்ல பிரட், பாஸ்தா ரேக் எல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி டேப் ஒட்டியிருக்கும், அந்த வாரம் புளிச்ச மாவுப் பண்டம் யூதர்களுக்கு ஆகாது. பெத்லகேம் பாலஸ்தீன ஆணையத்துக்கு கீழ இருக்கு, செக்போஸ்ட் தாண்டணும், பாஸ்போர்ட்ட ஹோட்டல்ல வெச்சிட்டுப் போகாதீங்க.

பழனிச்சாமி: சொட்டு நீர்ப் பாசனம் அவங்க கண்டுபிடிச்சதுதானா?

சொட்டு சொட்டா தண்ணி விடுற யோசனை பழசு. இன்னைக்கு தோட்டத்துல பாக்குற பிளாஸ்டிக் டிரிப்பர் முறை சிம்ஹா பிளாஸ்ங்கிற இன்ஜினியரோடது, 1965ல ஹட்செரிம்ங்கிற கிப்புட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்துக்காரங்க, அத வெச்சு நெட்டாஃபிம் கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஆனா அங்க தண்ணிக்கதை டிரிப்போட முடியல ஐயா. சாக்கடைத் தண்ணிய சுத்திகரிச்சு பெரும்பகுதிய வயலுக்கே விடுறாங்க, குடிக்க கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட்.

அருள்: காசா பத்தி ஒரு வார்த்தை இல்ல, ஏன் ஓடி ஒளியறீங்க?

ஒளியல. 1947 நவம்பர் 29 ஐ.நா. பிரிவினைத் தீர்மானம், அரபு தரப்பு ஏத்துக்கல, 1948 மே 14 இஸ்ரேல் பிரகடனம், போர், 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்தாங்க, திரும்ப விடல. 1967ல மேற்குக் கரை, காசா ரெண்டும் இஸ்ரேல் ராணுவத்தோட கைக்குப் போச்சு. இது தெரியாம 2023ல இருந்து கதை ஆரம்பிக்கிறவங்க எந்தப் பக்கமா இருந்தாலும் நம்பாதீங்க. அதுக்கு தனியா ஒரு நாள் வெப்போம், இங்க ஆரம்பிச்சா வேற ஒண்ணும் நடக்காது.

நித்யா: கல்யாணம் பண்ண சைப்ரஸ் போவாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம்தான். என் லேப்லயே ஒரு ஜோடி லார்னாக்கா போய் முனிசிபாலிட்டில கையெழுத்துப் போட்டுட்டு வந்து வேலைல உக்காந்தாங்க. அந்த நாட்டுக்குள்ள சிவில் மேரேஜே கிடையாது. துருக்கி ஒட்டோமான் ஆட்சிக் காலத்துல ஒவ்வொரு மதமும் தன் கல்யாணத்த தானே பாத்துக்கும்னு ஒரு ஏற்பாடு, பிரிட்டிஷ்காரன் வந்தும் அதுல கைவைக்கல, நாடு வந்தப்புறம் இவங்களும் கைவைக்கல, 1953ல சட்டமே போட்டு யூதர்களுக்கு கல்யாணம், விவாகரத்து ரெண்டும் ரபிகள் (யூத மதகுருமார்) கோர்ட்டுன்னு எழுதிட்டாங்க. முஸ்லிமுக்கு ஷரியா கோர்ட், கிறிஸ்தவர், துரூஸுக்கு தனித்தனி. யூதரும் முஸ்லிமும் அங்க பதிஞ்சுக்க வழியே இல்ல. கோஹென்னு சொல்ற பழைய பூசாரிப் பரம்பரை ஆளு விவாகரத்தான பொண்ண கட்ட முடியாது. ஆனா வெளிநாட்டுல பண்ணிட்டு வந்தா உள்துறை பதிஞ்சே ஆகணும்னு 1963ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கதிர் வக்கீல்: இதுல என்ன அதிசயம்? நம்ம ஊர்லயும் மதத்துக்கு ஒரு சட்டம்தானே.

சார், நம்மகிட்ட மதம் பாக்காம பதிவுக் கல்யாணம் பண்ண 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் இருக்கு. அந்தக் கதவே அங்க இல்லங்கிறதுதான் விஷயம்.

கதிர் வக்கீல்: 30 நாள் நோட்டீஸ் ஒட்டி பொண்ணு வீட்டுக்கு தகவல் போறதுக்கு சைப்ரஸ் டிக்கெட்டே மேல்!

ஹா, அந்த பாயின்ட்ல உங்களோட சண்டை போட மாட்டேன். ஆனா சைப்ரஸ்ல கட்டுன யூத ஜோடி பிரியணும்னா மறுபடி ரபிகள் கோர்ட்டுதான். புருஷன் விவாகரத்துப் பத்திரம் கொடுக்கலன்னா அந்தப் பொண்ணு மறுமணம் பண்ண முடியாம தொங்கணும். லைசென்ஸ பிடுங்கலாம், ஜெயில்ல கூட போடலாம், ஆனா அவன் கையால கொடுத்தாத்தான் செல்லும்.

நித்யா: இதையெல்லாம் ஏன் இன்னும் மாத்தல?

பார்லிமென்ட்ல 120 சீட், நாடே ஒரே தொகுதி, 3.25 சதவீதம் ஓட்டு வாங்கினா உள்ள வந்துடலாம். இதுவரைக்கும் எந்தக் கட்சியும் தனியா 61 எடுத்ததில்ல. மதக் கட்சிங்க ஆதரவு வேணும்னா கல்யாணச் சட்டத்த தொடக் கூடாது, அவ்வளவுதான். இதுல ரொம்ப அடிவாங்குறது ரஷ்ய ஆளுங்க. 1990க்கு அப்புறம் சோவியத் பக்கம் இருந்து 10 லட்சம் பேர் வந்தாங்க. தாத்தா பாட்டில ஒருத்தர் யூதரா இருந்தா போதும், குடியுரிமை. ஆனா ரபிகள் உன்ன யூதர்னு ஒத்துக்க உன் அம்மா யூதரா இருக்கணும். ராணுவத்துல சேத்துப்பாங்க, கல்யாணம்னா நீ யூதனே இல்லம்பாங்க.

கதிர் வக்கீல்: சரி, ரெண்டு பேருமே மதம் இல்லாதவங்கன்னு பதிவுல இருந்தா?

அதுக்கு மட்டும் 2010ல ஒரு சட்டம் வந்துச்சு, சிவிலா பதிஞ்சுக்கலாம். ரெண்டு பேருமே அப்படி இருக்கணும். ஒருத்தர் யூதர்னு பதிவாகியிருந்தா செல்லாது.

விக்கி: ப்ரோ தலைநகரம் எது?

ரூபனுக்கு சொன்னத படிங்க.

முத்து: சார், ஏஜென்ட் முன்பணம் கேக்குறாரு, நாளைக்கு கட்டணுமாம்...

கட்டாதீங்க முத்து! அவர் பேரு மத்திய அரசோட ஈமைக்ரேட் தளத்துல பதிவாகியிருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா சென்னைல குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கு, நேர்ல போய் கேளுங்க. நாளைக்கே கட்டணும்னு அவசரப்படுத்துறவன்கிட்ட பாஸ்போர்ட்டையும் கொடுத்துடாதீங்க.