குழாயில் கிருமி படர்ந்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: 2009இல் ஷெல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட என் தம்பி, புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அரசாங்க வைத்தியசாலையொன்றில் கதீற்றர், அதாவது சலப்பையிலிருந்து (சிறுநீர்ப்பையிலிருந்து) சிறுநீரை வெளியேற்றும் குழாய், போட்டு அனுப்பினார்கள். எப்போது மாற்றுவது என்று சொல்லவில்லை. காய்ச்சலோடு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் மாத்திரைதான். பத்தாவது வாரம் குழாய் அடைத்து, இரத்தத்தில் கிருமி கலந்து, 16 நாள் வார்ட்டில் கிடந்தான். கழற்றிய குழாயின் நுனியில் மணல் போல ஒட்டியிருந்தது. "வீட்டில் துப்புரவில்லை" என்று எங்கள்மேல் பழி போடுகிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், சகோதரி. ஆனால் கிருமி படர்ந்ததற்காகப் போட்டால் தோற்பீர்கள்.

குழாய் உள்ளே போன சில மணி நேரத்திலேயே கிருமிகள் அதில் ஒட்டத் தொடங்கி, வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். ஒரு மாதம் குழாயோடு இருப்பவர்களில் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். எதிர்த்தரப்பு நிபுணர் இதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் கண்ட மணலும் பெரும்பாலும் இதன் வேலைதான்: புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்க, சிறுநீரின் உப்புகள் பளிங்காக இறுகிக் குழாயை அடைக்கும்.

உங்கள் பலம் அந்த மூன்று காய்ச்சல்கள். படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை எளிதில் கொல்லாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த குழாயில் தொற்றுக் கண்டால், பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, அதிலிருந்து சிறுநீர் எடுத்துப் பரிசோதித்து மருந்து கொடுப்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அது செய்யப்பட்டதா? மாற்றும் திகதி எழுதப்பட்டதா? வழக்கு இவ்விரண்டு கேள்விகளில்தான் நிற்கும்.

அடுத்த மலை காரணத்தொடர்பு. குழந்தை வைத்தியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்த ஒரு குழந்தையின் தந்தை போட்ட வழக்கில், நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான இலங்கை உயர் நீதிமன்றம் 2001இல் வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றது. ஆனால் அதனால்தான் குழந்தை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்தது. நேரத்தோடு குழாயை மாற்றியிருந்தால் தம்பிக்கு இந்த நிலை வந்திராது என்று சாட்சி சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். அவரைத் தேடுவதுதான் வழக்கின் பாதிச் செலவு. வன்னியில் இருந்துகொண்டு அது இலேசல்ல. ஆசை காட்ட எனக்கு மனமில்லை. வழக்காளி தம்பியாகவே இருக்கட்டும். கடை மூடிய நாட்களின் வருமானம், ஓட்டோக் கூலி எல்லாம் கணக்காகக் காட்டப்பட வேண்டும். உங்கள் மனவேதனைக்குப் பணம் கிடைக்காது.

துப்புரவுப் பழியைச் சிரித்துத் தள்ள வேண்டாம். சிறுநீர்ப் பையைச் சக்கர நாற்காலியின் கைப்பிடியில், சலப்பைக்கு மேலே கொழுவினீர்களா? குழாயைப் பையிலிருந்து அடிக்கடி கழற்றினீர்களா? அப்படியென்றால் உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப நட்டஈடு குறையும். நீதிமன்றில் முதன்முதலாக வெளிவந்தால் உங்கள் சொல்லின் மதிப்பும் போய்விடும்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது: கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மாத்திரைத் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுங்கள். வார்ட்டில் எழுதிய கட்டில் அட்டை வைத்தியசாலையிடம்தான் இருக்கும். அதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தம்பியே கையெழுத்திட்டுக் கேட்கட்டும். மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துச் சம்மதமின்றி உங்களுக்குத் தரமாட்டார்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள்தான். அரச வைத்தியசாலை என்பதால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்; அந்த மாதத்தையும் இரண்டு ஆண்டுக்குள்ளேயே கணக்கிடுங்கள். பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தம்பிக்கு இப்போதும் குழாய் இருக்கிறதா? நிரந்தரக் குழாய்க்குப் பதிலாக, நேரத்துக்கு நேரம் போட்டெடுக்கும் முறை அவருக்குப் பொருந்துமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். பொருந்தாதென்றால், குழாயின் வகையையும் மாற்றும் திகதியையும் கொப்பியில் எழுதுவித்த பிறகே எழும்பி வாருங்கள்.