ட்ரம் சாண்டரில் பலகை ஏன் சமமாக வரவில்லை?

கேள்வி (கல்முனை): பாவித்த 16 அங்குல ட்ரம் சாண்டர் (தேய்க்கும் கடதாசி சுற்றிய உருளையால் பலகையை மட்டமாக்கும் மெஷின்) ஒன்று வாங்கி மூன்று கிழமை. உருளையின் ஒரு முனை திறந்த வகை, அகலப் பலகை அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு போகும். 10 அங்குலத் தேக்குப் பலகையை விட்டால் ஒரு ஓரம் மெல்லிசாக வருகிறது. 24 அங்குல மேசைப் பலகையைத் திருப்பித் திருப்பி விட்டால் நடுவில் நீளத்துக்கு ஒரு மேடு. இரண்டு முனையிலும் குழி விழுகிறது. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மெல்லிசு ஓரமும் நடு மேடும் ஒரே கோளாறுதான்: உருளையின் திறந்த முனை உயர்ந்து நிற்கிறது. இது பெரும்பாலும் பழுதல்ல, மெஷினை ஏற்றி இறக்கும்போது குலைந்த அளவு.

ஒரே எம்.டி.எஃப். (மரநாரை அமுக்கிச் செய்த) பலகையில் 2 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை மோட்டர் பக்க ஓரத்திலும் மற்றதைத் திறந்த முனை ஓரத்திலும் வைத்து, உயரத்தை மாற்றாமல் இரண்டையும் விடுங்கள். முகம் முழுக்கத் தேய்ந்ததும் வேனியரால் (தடிப்பை நுட்பமாக அளக்கும் கருவி) அளவுங்கள். திறந்த முனைத் துண்டு தடிப்பாக இருந்தால் அந்த முனையைத் தாழ்த்த வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, உருளைத் தலையை அல்லது மேசையைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மிகச் சிறிதாக நகர்த்துங்கள். முறுக்கும்போதே அளவு ஓடிவிடும் என்பதால் இறுக்கிய பிறகே மறுபடி சோதிக்க வேண்டும். வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள் வரும்வரை விடாதீர்கள். நாலைந்து தடவை பிடிக்கும், சலிக்க வேண்டாம்.

அகலப் பலகைக்கு மட்டும் திறந்த முனை ஒரு போட்டோகொப்பிக் கடதாசியின் தடிப்பளவு உயர்ந்திருப்பது நல்லது. அந்த முனை தாழ்ந்துவிட்டால் மேட்டுக்குப் பதில் பள்ளமான கோடு விழும். அதைக் கையால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. மேடு என்றால் ஒரு நிமிட வேலை.

முனைக் குழிக்குக் காரணம் வேறு. உருளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்து ரோலர்களில் ஒன்று மட்டும் பலகையைப் பிடித்திருக்கும் நேரத்தில், மறுமுனை எழும்பி உருளையில் முட்டுகிறது. இரு ஸ்பிரிங்குகளையும் சம அளவில், பலகை வழுக்காத எல்லைவரை தளர்த்துங்கள். நீளப் பலகைக்கு மேசை மட்டத்திலேயே முன்னும் பின்னும் தாங்கு வையுங்கள். ஒன்றின் வாலில் அடுத்ததை முட்ட வைத்து விட்டால் குழி முதல் பலகையின் தலையிலும் கடைசிப் பலகையின் வாலிலும் மட்டும்தான் விழும்.

80 நம்பர் கடதாசியில் (நம்பர் கூடினால் கடதாசி மென்மை) ஒரு தடவைக்கு 0.4 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காதீர்கள். 120 நம்பரில் அதில் பாதி. கடைசியில் உயரத்தைத் தொடாமல் இன்னும் இரண்டு தடவை விடுங்கள். சுமையில் மெஷின் சற்று வளைந்து நிற்கும், அந்த வளைவு இந்த இரண்டு தடவையில்தான் தீரும். முறுகிய பலகையை ட்ரம் சாண்டர் நேராக்காது. ரோலர் அமுக்கும்போது நேராகும், வெளியே வந்ததும் பழையபடி முறுகும். ஒரு முகத்தை முதலில் சீவி நேராக்கிக்கொண்டு விடுங்கள்.

இதெல்லாம் செய்தும் அளவு நிற்காமல் ஓடினால், அல்லது உருளையைக் கையால் ஆட்டும்போது பெயரிங் தட்டினால், அது மெஷின் பழுது. அப்போது பற்றுச்சீட்டுடன் விற்றவரிடம் பேசுங்கள். விற்றவர் வியாபாரி என்றால், வாங்கிய மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். அவர்களின் உடனடி இலக்கம் 1977.

கேள்வி (ஏறாவூர்): அமெரிக்க மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, 120 வோல்ற். வாங்கலாமா?

பதில்: ட்ரான்ஸ்ஃபோமரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மோட்டர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், சிறிய ட்ரான்ஸ்ஃபோமர் தாங்காது. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அதனால் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் கூடும். இந்த வித்தியாசத்தை ட்ரான்ஸ்ஃபோமரால் மாற்ற முடியாது. நாள் முழுக்க ஓட்டும் பட்டறை என்றால் 230 வோல்ற் மெஷினுக்கே காத்திருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): முதிரைப் பலகையில் கறுத்த கோடு நீளத்துக்கு விழுகிறது. புதுக் கடதாசி போட்டும் வருகிறது.

பதில்: கடதாசியில் ஓரிடத்தில் மரப்பிசின் உறைந்து தேய்த்தால் அந்த இடம் மரத்தைச் சுடும். உருளை சுற்றும்போது, தூசி உறிஞ்சியையும் ஓடவிட்டு, கடதாசி துடைக்கும் ரப்பர் கட்டியை அதில் பிடியுங்கள். முதிரை போன்ற வைரமான மரத்துக்கு 120க்குப் போகுமுன் 80லேயே அளவை முடித்துவிடுங்கள். பலகையைச் சற்றுச் சாய்த்து விட்டால் ஒரே இடம் தேய்வதும் குறையும்.

புதுக் கடதாசியிலும் கோடு வந்தால் உருளையில் அதைச் சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அங்கேதான் கோடு விழும். மாரி காலத்தில் கடதாசி ஈரம் குடித்து நெகிழ்ந்துவிடும், காலையில் வேலை தொடங்கமுன் விரலால் அமுக்கிப் பார்த்துத் திரும்ப இழுத்துக் கட்டுங்கள். துணி முதுகுள்ள கடதாசிச் சுருள் இதைவிட நல்லது. முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குத் தடித்துச் சொறியும், ஆகவே முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.