பெல்ட் இருக்கட்டும், அந்தக் காலைக் கவனியுங்கள்

கேள்வி: சிசேரியன் ஆகி 18 நாள் ஆகிறது. அம்மா பழைய வேட்டியால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிடுகிறார். மாமியார் பெல்ட் வாங்கித் தந்திருக்கிறார். கட்டாவிட்டால் வயிறு தொங்கிவிடும், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எதைக் கட்டுவது, எத்தனை மாதம்? மூன்று நாளாக இடது கால் வீங்கி, கெண்டைக்காலில் வலி. அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறார். (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்துங்கள். இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும், இன்றைக்கே.

பிரசவம் ஆன முதல் சில நாட்களில் இரண்டு காலும் வீங்கினால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலும் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்க, ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்கிறது. அந்தத் தன்மை ஆறு வாரமாவது நீடிக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பச்சை உடம்பு என்று நாள் முழுக்கப் படுக்க வைத்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் என்று தண்ணீரையும் அளந்து கொடுத்தால் என்ன ஆகும்? காலில் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் உறையும். அதை அழுத்தித் தேய்த்தால் உறைந்த கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள். ரத்தக்கட்டி இருப்பது உறுதியானால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள்.

சரி, வயிற்றுக்கு வருவோம். பிரசவம் ஆனவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் தானாகவே சுருங்கி 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுண்டி இழுக்கிறதே, அதுதான் அது சுருங்கும் வலி. வேட்டிக்கும் பெல்ட்டுக்கும் இதில் எந்த வேலையும் இல்லை. கட்டாததால் கர்ப்பப்பை இறங்காது. அளவுக்கு மீறி இறுக்கினால்தான் அழுத்தம் முழுவதும், கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தசைகள் மேல் இறங்கும். ஏற்கெனவே தளர்ந்திருப்பவை அவை.

பெல்ட்டால் ஒரு நன்மை உண்டு. எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் தையலுக்குத் தாங்கலாக இருக்கும். அதற்கு மட்டும் போடுங்கள். உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். வலி போனதும் பெல்ட்டும் போகட்டும், ஆறு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆனால் கால் விஷயம் தெளிவாகும்வரை பெல்ட்டும் வேண்டாம், வேட்டியும் வேண்டாம்.

அம்மா அன்பாகத்தான் கட்டுகிறார், புரிகிறது. ஆனால் வார்டில் அந்தக் கட்டை அவிழ்க்கும்போது நான் பார்ப்பது வேறு: தோலில் வேட்டிக்கரையின் தடம் அப்படியே பதிந்திருக்கும், அதன் அடியில் தையல் வேர்வையில் ஊறிக் கிடக்கும். தையலைக் காற்றாட விடச் சொல்லுங்கள். அப்புறம், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வயிறு நிறையக் கொடுக்கச் சொல்லுங்கள்.