மதயானை பற்றிக் கேட்டீர்கள்

யானைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் பதில்கள்.

கே: மதம் என்பது பைத்தியமா?

ப: இல்லை. வளர்ந்த ஆண் யானைக்கு வந்து போகும் பருவம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் சுரப்பி வீங்கி மதநீர் வழியும், சிறுநீர் சொட்டும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும். சங்கப் புலவர்களுக்கே தெரிந்த விஷயம். ஆப்பிரிக்க யானைக்கும் இது உண்டு என்று 1981-ல்தான் யானை ஆய்வாளர்கள் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் கென்யாவிலிருந்து எழுதினார்கள். கன்னம் நனைந்த யானையோடு செல்ஃபி வேண்டாம்.

கே: பெண் யானைக்கு?

ப: மதம் வராது. அதற்காகக் குட்டி போட்ட தாயிடம் போய் நிற்காதீர்கள்.

கே: காயடித்துவிட்டால் போதாதா?

ப: காளை மாதிரி நினைக்காதீர்கள். யானையின் விரைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

கே: ஆக, ஆவேசத்துக்கு ஹார்மோன்தான் காரணம்?

ப: அங்கேதான் கதையே. தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் எண்ணிக்கையைக் குறைக்க யானைகளைச் சுட்டார்கள். தப்பிய குட்டிகளில் சிலவற்றைப் பிலானெஸ்பெர்க் காட்டில் விட்டார்கள். பெரிய ஆண் யானை ஒன்றுகூட இல்லாமல் வளர்ந்த அந்த ஆண் குட்டிகளுக்கு வயசுக்கு முன்பே மதம் வந்தது, வந்தால் லேசில் போகவும் இல்லை. 1992-லிருந்து 1997-க்குள் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் குரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண்களைக் கொண்டுவந்தார்கள். கொலை நின்றது. தன்னைவிடப் பெரிய மதயானை எதிரே வந்தால் இளசுக்கு மதநீரே வற்றிவிடும்.

கே: அதாவது பையன்களை நாலு சாத்து சாத்தி வளர்க்கணும்!

ப: நான் அப்படிச் சொன்னேனா? பெரிய யானை பெரும்பாலும் அடிப்பதே இல்லை. வந்து நிற்கும், அவ்வளவுதான்.

கே: எங்கப்பா அடித்துத்தான் நான் உருப்பட்டேன், டாக்டர்.

ப: உங்கள் அப்பா ஊரிலேயே இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பீர்கள் என்பதுதான் பிலானெஸ்பெர்க். அடித்தாரா இல்லையா என்பது வேறு கேள்வி.

கே: மனிதனுக்கும் டெஸ்டோஸ்டிரோன்தானே?

ப: இதைக் கேட்கும் ஐந்தாவது ஆள் நீங்கள். மேலே உள்ள பிலானெஸ்பெர்க் பதிலைப் படியுங்கள்.

கே: ஆவேசத்துக்குக் காரணம் 'போர்வீரன் ஜீன்' என்கிறார்களே?

ப: 1993-ல் நெதர்லாந்தில் ஒரே ஒரு குடும்பத்தின் ஆவேசக்கார ஆண்களிடம், மூளையின் சில ரசாயனங்களைச் சிதைக்க உதவும் எம்ஏஓஏ மரபணு வேலை செய்யாததைக் கண்டார்கள். அப்படி அடியோடு வேலை செய்யாமல் போவது மிக அரிது. உங்கள் மைத்துனருக்கு இருக்க வாய்ப்பில்லை.

கே: எங்கள் நாய் கடிக்கிறது.

ப: உள்ளூர் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கடிபட்டவர் இன்றே ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

கே: முகாம் யானையைத் தள்ளி நின்று செல்ஃபி எடுக்கலாமா? எவ்வளவு தள்ளி?

ப: உங்கள் வீட்டிலிருந்து.