ஒரே விண்மீனுக்கு இரண்டு சுழற்சி வேகங்களா?

“நிறமாலையில் நொடிக்கு 10 கி.மீ., ஒளி மாற்றத்தில் 20 கி.மீ. வருகிறதே, எது சரி?” என்று வேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

பழைய வட ஆற்காட்டின் காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோடு, விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியும் உண்டு. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகும். வரும் பக்கத்தின் ஒளி நீலம் நோக்கியும் விலகும் பக்கத்தின் ஒளி சிவப்பு நோக்கியும் சற்று நகரும்; இந்த டாப்ளர் விளைவால் நிறமாலைக் கோடு அகலமாகும். ஆனால் அந்த அகலம் நம் பார்வைத் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே காட்டும். வேகா என்ற விண்மீனைப் பாருங்கள்: கோட்டின் அகலம் ஏறத்தாழ 20 கி.மீ. என்கிறது, நடுக்கோட்டு வேகமோ 200 கி.மீ. அளவில் இருக்கிறது! அதன் துருவம் கிட்டத்தட்ட நம் பக்கம் திரும்பியிருப்பதே காரணம்.

விண்மீனின் கரும்புள்ளிகள் சுழன்று வந்து மறையும்போது அதன் ஒளி கூடிக் குறையும்; அந்த ஒளி மாற்றத்தில் கிடைப்பது சுழற்சிக் காலம். அதை வேகமாக்க, சூரிய ஆரத்தின் மடங்காகச் சொன்ன ஆரத்தை 50.6 ஆல் பெருக்கி நாட்களால் வகுக்க வேண்டும். சூரியனுக்கு 25 நாள், ஆகவே நொடிக்கு 2 கி.மீ. எதிரெதிர்ப் பக்கங்களில் கரும்புள்ளிகள் இருந்தால் பாதிக் காலமே தெரியும், வேகம் இரட்டிப்பாகிவிடும்.

உங்கள் கணக்கில் அந்தப் பிழை இல்லையென்றால், 10-ஐ 20 ஆல் வகுத்தால் பாதி, அது 30 பாகையின் சைன் மதிப்பு; ஆகவே சுழற்சி அச்சு நம் பார்வைக்கோட்டுக்கு 30 பாகையில் இருக்கிறது. சரி, நிறமாலை அளவு பெரிதாக வந்தால்? அப்படி வரக் கூடாது. ஆரத்தையும் காலத்தையும் மறுபடி சரிபாருங்கள்.