முதலில் வாசல்

அன்புள்ள அம்மா,

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை, மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்காகப் பகல்நேர மையம் கட்டுகிறது. வரைபடம் போடும் பொறுப்பு எனக்கு. எட்டடிச் சுற்றுச்சுவர், எல்லா ஜன்னலுக்கும் கிரில், ஒரே வாசல், அதற்குப் பூட்டு என்று கேட்கிறார்கள். ‘பாதுகாப்பு முக்கியம்’ என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

கி., தேனி

அன்புள்ள கி.,

பாதுகாப்பு என்றதும் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியதில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. ஒரே வாசலும் அதில் ஒரு பூட்டும் தீ விபத்தில் என்ன செய்யும் என்று நிர்வாகிகளிடம் கேளுங்கள். உள்ளிருந்தே திறக்கக்கூடிய இரண்டு வாசல்கள் வேண்டும்.

என் சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப்போன நாட்களில், எங்கே உட்காரச் சொன்னாலும் கதவருகே வந்து நின்றுவிடுவார். அடம் என்று நினைத்து நான் கடிந்துகொண்டிருக்கிறேன். வெளியேறும் வழி கண்ணில் பட்டால்தான் அவருக்கு மூச்சு சீராகும் என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று. உங்கள் மையத்தில் சுவரை ஒட்டிச் சில இருக்கைகள் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடக் கூடாது. அங்கிருந்து வாசல் தெரிய வேண்டும்.

அடுத்து, மருந்துகள். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் உடம்பில் ஓயாத பரபரப்பைக் கொண்டுவரும். உட்கார முடியாது, நடந்தே தீர வேண்டும். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஒருவர் அப்படி நடந்தால் மற்றவர்கள் மிரண்டு பார்ப்பார்கள். கட்டடத்தைச் சுற்றி ஒரு தாழ்வாரம் இருந்தால் அவர் பாட்டுக்கு நடப்பார்; அது எங்கும் முட்டி நிற்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரட்டும். நாக்கு வறளும், யாரையும் கேட்காமல் எடுத்துக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தாகமும் அதிகம், சிறுநீரும் அடிக்கடி வரும். கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் தள்ளிவிடாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும் வகையில்.

பிறருக்குக் கேட்காத குரல்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிரொலிக்கும் கூடம் பெரும் வாதை. சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டி, மேலே தொலைக்காட்சியை மாட்டி வைக்கும் வழக்கத்தை நீங்களாவது நிறுத்துங்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தார் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உங்களுடையது பகல்நேர மையம்தான். ஆனாலும் மகனை அழைத்துவரும் தாய் மாலைவரை எங்கே இருப்பார்? ஓர் அடுப்படி, அதை ஒட்டி ஒரு திண்ணை. அந்த எட்டடிச் சுவரைப் பாதியாகக் குறைத்தால் அதற்கான செங்கல் கிடைத்துவிடும். தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்கட்டும். சாம்பார் கொதிக்கிற இடத்தைப் பார்த்து எவரும் பயப்படுவதில்லை.

மொட்டைமாடிப் படிக்கட்டின் கதவுக்கு மட்டும் பூட்டுப் போடுங்கள். அதில் நிர்வாகிகளின் அச்சம் நியாயமானது.

அஸ்திவாரம் தோண்டும் முன், அங்கே வரப்போகிற நாலைந்து பேரை மனைக்கு அழைத்துவாருங்கள். சுண்ணாம்பால் கோடு போட்டு, இது வாசல், இது கூடம் என்று சொல்லி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.