பேட்டரி அண்ணாச்சி பதில்கள்

உவரி வாசகர்: எங்கள் பைபர் வள்ளத்தில் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ, வயர்லெஸ், விளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆடிக் காற்றுக்கு வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு ஆவணியில் போய்ப் பார்த்தால் பேட்டரி படுத்துக் கிடக்கிறது. கடைக்காரர் புதுசு போடச் சொல்கிறார். போடத்தான் வேண்டுமா அண்ணாச்சி?

அவசரப்படாதீங்க தம்பி. வேலை இல்லாத பேட்டரி சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அதன் சார்ஜ் உள்ளுக்குள் தானாகவே கரைந்துகொண்டிருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் சாதாரண ஆசிட் பேட்டரி மாதத்துக்கு 5 சதவீதம் போல இழக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் மதியம் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். போதாக்குறைக்கு வயரைக் கழற்றாமல் விட்டால் ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சார்ஜ் இறங்கிக் கிடக்கக் கிடக்க, பாத்தியில் உப்பு இறுகுகிற மாதிரி பிளேட்டில் சல்பேட் இறுகிப்போகும். அப்புறம் சார்ஜ் ஏறாது.

அதனால் வள்ளம் கரையேறிய அன்றைக்கே கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பிரஷ் வைத்துத் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆசிட் கெடும். துடைத்துக் காயவைத்து வாசலின் பூசுங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு 10 ஆம்பியரில் சார்ஜ் போடுங்கள். குறி வரைக்கும் நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகுதான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பைக் கேட்கவே வேண்டாம்.

சார்ஜை எடுத்து அரை நாள் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. மாதம் ஒரு தடவை பாருங்கள். 12.4-க்கு வந்தால் உடனே சார்ஜ். இல்லையென்றால் 10 வாட் சோலார் பேனல் ஒன்று போதும். நாளொன்றுக்குக் கரைவது அரை ஆம்பியர்-மணிகூட இருக்காது. அந்தப் பேனல் நல்ல வெயிலில் இரண்டு, மூன்று தரும். ஆனால் வோல்ட்டை அளவாக வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் மாட்டாதீர்கள், பேனல் வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேல் போகும், தண்ணீர் வற்றிவிடும்.

இப்போது படுத்திருப்பதை மூன்று, நான்கு ஆம்பியரில் ஒன்றிரண்டு நாள் மெதுவாக ஏற்றிவிட்டு, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் பாருங்கள். ஆறும் 1.250-ஐத் தாண்டினால் பேட்டரி பிழைத்தது. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் 1.180-இல் நின்றால் கடைக்காரர் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள். சார்ஜ் போடும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். வள்ளியூரில் என் கடைக்கு வந்த ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி அறையில் வைத்து ஏற்றுவதாகச் சொன்னார். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் விளக்கு எரியும். சாமிதான் காப்பாற்றியிருக்கிறார்.

கூட்டப்புளி வாசகி: சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரியில் சார்ஜ் இறங்கும் என்று என் மாமனார் பலகை தேடுகிறார். உண்மையா?

மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை என்ன, பலகை என்ன. ஆனாலும் பலகை இருக்கட்டும் தாயி. ஆசிட் கசிந்தால் தரை தப்பும், மாமனாருக்கும் சந்தோஷம்.

பாளையங்கோட்டை வாசகர்: மகன் கனடாவில் ஏரியில் ஓட்ட ஒரு சின்னப் படகு வாங்கியிருக்கிறான். பனிக்காலம் முழுக்க அது கொட்டகையில்தான். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லவா?

அங்கே கதை தலைகீழ் சார். குளிரில் பேட்டரி கரைவது மெதுவாகத்தான் நடக்கும். பயம் உறைவதில். முழு சார்ஜ் இருந்தால் மைனஸ் 50 டிகிரிக்கும் ஆசிட் தாங்கும். சார்ஜ் இறங்கியதில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து பெட்டியை வெடிக்க வைத்துவிடும். ஆகவே முழுக்க ஏற்றி, வயரைக் கழற்றிவிட்டால் கொட்டகையே போதும். தொடர்ந்து மாட்டி வைப்பதென்றால் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர்தான் வேண்டும், பழைய சாதா சார்ஜர் ஆகாது. உறைந்துவிட்ட பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரியா என்றும் கேளுங்கள். அதைப் பாதி சார்ஜில் வைக்கலாம், ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஏற்றக் கூடாது.

தூத்துக்குடி வாசகர்: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் சும்மா கிடப்பதற்குப் பதில் என்கிறீர்கள். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி என்றால் வேண்டாம். அதில் பிளேட் மெலிசு, நாலு ராத்திரி கரண்ட் போய் அடி வரைக்கும் இறங்கினால் முடிந்தது. விளக்குக்கு வைத்திருக்கும் டியூபுலர் (குழாய் வடிவ பிளேட் உள்ள) பேட்டரி என்றால் தாராளமாக மாட்டுங்கள், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் படகில் பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.